கூடித் தீட்டிய படை



மேசைமேல் ஒரு சிப்பாய் நிற்கிறான். உள்ளங்காலிலிருந்து கண்மட்டம் வரை அளந்தால் 28 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து அவனைப் பார்ப்பதும், அறுபது மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஓர் ஆளைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அறுபது மீட்டர் தொலைவில் நிற்பவரின் சட்டைப் பொத்தான் தெரியாது. புருவம் தெரியாது. அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பதும் தெரியாது. நன்றாக வண்ணமிட்ட சிற்றுருவத்திலோ இவை அத்தனையும் தெரிகின்றன. அதற்காக இரவுகளைச் செலவிடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், தனியறையில் செய்யும் இந்த வேலையை ஊர் கூடிச் செய்யும் வேலையாக அவர்கள் மாற்றிக்கொண்ட விதத்தைப் பற்றியும் பேசுவதுதான் இந்த உரையின் நோக்கம்.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான உருவங்கள் இவை. நெப்போலியன் காலத்துக் காலாட்படை, ரோமப் படையணி, பூதம், டிராகன், வருங்காலத்து விண்வெளி வீரன் என்று எதுவாகவும் இருக்கலாம். பகடை உருட்டி, அளவுநாடாவால் தூரம் அளந்து, படைகளை நகர்த்தி ஆடுவார்கள். பெரும்பாலான உருவங்கள் சாம்பல்நிறப் பிளாஸ்டிக்காகவோ வெள்ளை உலோகமாகவோதான் கடைக்கு வருகின்றன. வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டுவது வாங்கியவர் பொறுப்பு. ஆட்டம் ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்கான படையைத் தயாரிக்க ஒரு வருடம் ஆகலாம். இதில் ஈடுபட்ட பலர் ஆடுவதைவிடத் தீட்டுவதற்கே அதிக நேரம் கொடுக்கிறார்கள். ஆடாமல் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

வண்ணம் தீட்டும் பொறுப்பு எப்போதும் வாங்கியவரிடம் இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஹில்பெர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். 1839-ல் அதே ஊரில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், 30 மி.மீ. உயரத்தை ஒரு பொது அளவாக நிலைநாட்டினார். அந்தச் சிப்பாய்களின் சட்டைக்கும் தொப்பிக்கும் நிறம் பூசியவர்கள், வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்த பெண்களும் பிள்ளைகளும். ஆயிரமாயிரம் படைவீரர்களுக்கு முகம் கொடுத்த அந்தக் கைகளின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. 1893-ல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும்படி சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் மிச்சமானது, விலை இறங்கியது, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் பொம்மைப் படை வந்துசேர்ந்தது. அவையும் வண்ணம் பூசியே வந்தன. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிநூலை எழுதியபோது அந்தச் சிப்பாய்களைத்தான் தரையில் பரப்பியிருந்தார். ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரத்துண்டைச் சுட்டு எதிரியின் வீரர்களைச் சாய்ப்பது அவர் ஆட்டத்தின் மையம். அவருக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, நுரையீரல் நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் தங்கியிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்னோடு குளிர்காலம் முழுக்க இப்படிப் போர் நடத்தியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காட்சி மாறுகிறது. 1956-ல் பிரிட்டிஷ் பாத்தே எடுத்த ஒரு செய்திப்படத்தில், பின்னாளில் டிராகுலா படங்களால் உலகப் புகழ் பெற்ற நடிகர் பீட்டர் குஷிங் தன் சிப்பாய்களுக்குத் தானே வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார். 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் ‘வார் கேம்ஸ்’ நூலை வெளியிட்டார். 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய ‘செயின்மெயில்’ விதிகள், 1974-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கு வழி திறந்தன. 1978-ல் இங்கிலாந்தில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் தொடங்கியது. அதே குழுமத்திலிருந்து 1983-ல் ‘வார்ஹாமர்’ வந்தது, 1987-ல் அதன் விண்வெளி வடிவம் வந்தது. இந்த ஓட்டத்தில் எங்கோ, கூலிக்குச் செய்த வேலை காசு கொடுத்து வாங்கியவரே விரும்பிச் செய்யும் வேலையாகிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

சரி, அவர்கள் மேசையில் நடப்பது என்ன? முதல் சிக்கல் வெளிச்சம். உயிருள்ள மனிதனின் மேலங்கியில் மடிப்புகள் ஆழமானவை. வெயில் ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் இருள்கிறது. சிற்றுருவத்தில் அந்த மடிப்பின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அறையின் விளக்கொளியோ எல்லாப் பக்கமும் பரவி விழுகிறது. சிவப்புச் சட்டைக்கு ஒரே சிவப்பைப் பூசிவிட்டால் மூன்றடி தூரத்தில் ஒரு சிவப்புத் திட்டு மட்டுமே தெரியும். ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் ஓவியரே தீட்டியாக வேண்டும், அதுவும் இயல்பில் இருப்பதைவிடக் கூட்டித் தீட்ட வேண்டும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் முகபாவம் எட்ட வேண்டும் என்று கலைஞர் அரிதாரத்தை அழுத்திப் பூசுவாரே, அதே நியாயம்தான். உருவத்தைச் செதுக்குபவரும் இதில் கூட்டாளி. விளையாட்டு உருவங்கள் பலவற்றில் தலையும் கையும் உடலுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும். முகமும் பிடித்திருக்கும் ஆயுதமும் தூரத்திலிருந்தே புரிய வேண்டும் என்பதே காரணம்.

வேலை தொடங்குவது பிரைமரில். பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் தண்ணீர்ச் சாயம் ஒட்டாது; ஒரு பிடிமானப் பூச்சு வேண்டும். பலர் கறுப்புப் பிரைமர் அடித்து உலர்த்திவிட்டு, தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளையை மெல்லத் தெளிப்பார்கள். உச்சிச் சூரியன் எங்கெங்கே படுமோ அங்கெல்லாம் வெள்ளை விழும். தாடைக்கு அடியிலும் கையிடுக்கிலும் கறுப்பு நிற்கும். நிறமே வைக்காமல் ஒளியின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. அதன் மேல் அடிப்படை நிறங்களை நீர்க்கக் கரைத்துப் பூசுவார்கள். கெட்டியாகப் பூசினால் செதுக்கலின் நுணுக்கம் மூடிப்போகும் என்பதால், ஒரு தடித்த பூச்சுக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகள்.

அடுத்து வாஷ். நீர்த்த கருஞ்சாயத்தை உருவத்தின் மேல் ஓடவிட்டால், அது மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கி உலர்கிறது. சங்கிலிக் கவசத்தின் ஒவ்வொரு வளையமும், தாடியின் ஒவ்வொரு இழையும் அப்போதுதான் பிரிந்து தெரியும். நேர்மாறானது ட்ரை பிரஷ்: சாயத்தைத் துணியில் துடைத்து ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கின்றன. இந்த இரண்டையும் கற்றவர் ஒரு படையை மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு மேல் போகிறவர்கள் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல், நடு, வெளிச்சம் என்று மூன்று சாயல்களை அடுக்குகிறார்கள். இங்கிலாந்தின் கெவின் டாலிமோர் இந்த மூன்றடுக்கு முறையை நூல்கள் வழியாகப் பரவலாக்கினார். அவருடைய உருவங்களில் சாயல்கள் ஒன்றோடொன்று கரைவதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டை பட்டையாக நிற்கும், மேசையில் வைத்தால் துணி மடிந்து கிடக்கும். 2019-ல் சிட்டடெல் நிறுவனம் ஒரே பூச்சில் நிழலும் நடு நிறமும் தருகிற கான்ட்ராஸ்ட் சாயங்களைக் கொண்டுவந்தபோது, திறமை மலிந்துவிடும் என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்துக்கு அடிப்படை இல்லை. அதுவரை பெட்டியைத் திறக்கவே தயங்கியவர்கள் அந்தச் சாயத்தால் முதல் படையை முடித்தார்கள். அடுக்கடுக்காகத் தீட்டுகிறவர்கள் அதையும் தங்கள் அடுக்குகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

கண்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. அனுபவசாலிகள் வெள்ளையில் தொடங்குவதில்லை. கண்குழி முழுவதும் கரும்பழுப்பு, அதன் நடுவே வெண்மையான ஒரு சிறு கீற்று, அதன் மேல் செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு. கோடு பிசகினால், வெளிப்புறத்திலிருந்து தோல் நிறத்தைக் கொண்டுவந்து பிசகை மூடிவிடுவார்கள். உலோகத்தை உலோகச் சாயமில்லாமல் தீட்டுவது இன்னொரு துணிச்சல்: சாம்பல், நீலம், வெள்ளை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, வாளின் விளிம்பில் ஒளி எங்கே தெறிக்கும் என்று கணக்கிட்டு மின்ன வைப்பது. உருவத்தைத் திருப்பினால் அந்த மின்னல் நகராது. அதனால் அது ஓவியம்தான், கண்கட்டு அல்ல என்று இதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். உருண்டையான ஓர் உருவத்தில் ஒரே ஒரு கோணத்துக்கான ஓவியம் என்பதே அதன் குறை என்று எதிர்த்தரப்பு சொல்லும். இந்த வாதம் பல ஆண்டுகளாக முடியவில்லை.

பிரஷ்ஷைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: சின்ன உருவத்துக்குச் சின்ன பிரஷ் வேண்டும் என்பது. ஊசிபோன்ற பிரஷ்ஷில் சாயம் நிற்காது. உருவத்தை எட்டுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். நுனி கூராகவும் வயிறு பருத்தும் இருக்கிற 1-ஆம் எண், 2-ஆம் எண் பிரஷ்களே நல்ல வேலைக்கு உதவுகின்றன. மிக உயர்ந்ததாகக் கருதப்படும் கோலின்ஸ்கி பிரஷ், சைபீரிய மரநாயின் வால் முடியால் ஆனது. வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் புகழ்பெற்ற 7-ஆம் தொடர், 1866-ல் விக்டோரியா மகாராணி தனக்குப் பிடித்த 7-ஆம் எண் அளவில் செய்யச் சொன்ன பிரஷ்களிலிருந்து பெயர் பெற்றது. இந்த மரநாய் நம் இமயமலையிலும் வாழ்கிறது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் அதைச் சேர்க்கச் செய்தது இந்தியாதான். ஆகவே எல்லை தாண்டும் ஒவ்வொரு கோலின்ஸ்கி பிரஷ்ஷுக்கும் முறையான ஆவணம் வேண்டும். 2013-ல் அமெரிக்க வனவிலங்குத் துறை இறக்குமதியைத் தடுத்தபோது அங்குள்ள ஓவியர்கள் தவித்துப்போனார்கள். நல்ல செயற்கை இழை பிரஷ்களைத் தேடும் முயற்சிக்கு அதுவும் ஒரு தூண்டுகோல். அது நல்லதே.

இவ்வளவு நுணுக்கம் இருக்கிற இடத்தில் இவ்வளவு தேக்கமும் இருக்கும். ஓர் உருவத்தை வாங்க ஒரு நிமிடம் போதும், தீட்ட ஒரு மாலை வேண்டும். இந்தக் கணக்கின் விளைவு எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. தீட்டாத உருவங்களின் குவியலுக்கு ‘ஈயமலை’ என்றே பழைய ஆட்டக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈயம் போய்ப் பிளாஸ்டிக் வந்த பிறகும் மலை உயர்ந்துகொண்டே போகிறது. 2012-ல் அமெரிக்காவின் டென்டன் நகரத்து ரீப்பர் மினியேச்சர்ஸ், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ‘போன்ஸ்’ என்ற பிளாஸ்டிக் உருவங்களை வார்க்கப் புறப்பட்டது. 17,700-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 34 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பெட்டி வந்து இறங்கியபோது பலரிடம் நூற்றுக்கணக்கான உருவங்கள். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரம் வேறு வீட்டுக்கே வந்துவிட்டது.

குவியலைப் பார்த்து மனம் சோர்வதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. தீட்டுவது தனிமையான வேலை. நாற்பதாவது சிப்பாயின் பட்டையை நாற்பதாவது முறை வெள்ளையாக்கும்போது, அதை யாரும் பார்க்கப் போவதில்லை என்ற எண்ணம் கையைக் கட்டிப்போடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ‘சவால்’ என்கிற பழக்கம் பிறந்தது.

‘ஒயிட் டுவார்ஃப்’ என்ற பிரிட்டிஷ் இதழ் நான்கு ஆட்டக்காரர்களின் கதை என்ற தொடரை நடத்தியது. நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகை, அந்தத் தொகைக்குள் வாங்கியதை அந்த மாதத்துக்குள் தீட்டி முடித்து இதழில் காட்ட வேண்டும். வாசகர்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை; தங்கள் ஊர்க் கடையிலும் மன்றத்திலும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அதையே செய்தார்கள். நான்கு என்ற எண்ணிக்கையில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. ஒருவர் பின்தங்கினால் மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும். ஒருவர் அசத்தினால் மற்ற மூவரும் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார்கள்.

கனடாவில் தொடங்கிய அனலாக் ஹாபீஸ் வண்ணச் சவால் வேறு வகை. டிசம்பர் 21 முதல் மார்ச் 20 வரை, வடபுலத்துக் குளிர்காலத்தின் நீளம்தான் அதன் கெடு. வெளியே பனி, உள்ளே விளக்கு. பங்கேற்பவர் தன் இலக்கைத் தானே நிர்ணயிக்கிறார். 28 மி.மீ. காலாள் ஒருவருக்கு 5 புள்ளி, 15 மி.மீ. என்றால் 2, 6 மி.மீ. என்றால் அரைப் புள்ளி, 54 மி.மீ. என்றால் 10 என்பது போன்ற அட்டவணை இருக்கிறது. உழைப்பை ஓர் எண்ணாக்கிக் கொடுக்கும் இந்த எளிய ஏற்பாட்டால் நெப்போலியன் படை தீட்டுகிறவரும் பூதம் தீட்டுகிறவரும் ஒரே களத்தில் நிற்க முடிகிறது. ஆரம்ப ஆண்டுகளில் நுழைவுக் கட்டணமாகப் பணம் கேட்கவில்லை. ஓர் உருவத்தைத் தீட்டி நடத்துநருக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் கேட்டார்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்குத் தன் கைவேலையை அனுப்புகிறவர் அவசரத்தில் கிறுக்கி அனுப்ப மாட்டார். மதிப்பெண் அட்டவணையைவிட இந்த ஒரு வழக்கம்தான் அந்தச் சவாலின் உயிர் என்று சொல்லத் தோன்றுகிறது.

மாதங்களின் பெயரை ஒட்டிய சவால்களும் உண்டு. அக்டோபரில் ஓர்க் என்னும் பச்சைநிறக் காட்டு வீரர்கள், மே மாதத்தில் பெரும் பூதங்கள். பிப்ரவரியில் பெண் உருவங்களைத் தீட்டும் ஃபெம்ப்ருவரி. இந்தக் கடைசிச் சவாலுக்கு ஒரு நோக்கம் இருந்தது. கற்பனைப் போர் உருவங்களில் பெண் என்றால் பல காலம் கவசம் என்ற பெயரில் இரண்டு துண்டு உலோகம்தான். போருக்குப் போகிறவளைப் போருக்குப் போகிறவளாகவே செதுக்கிய உருவங்களைத் தேடி எடுத்துத் தீட்டுங்கள் என்று அது கேட்டது. அப்படித் தேடுகிற கண்கள் கூடினால் அதற்கேற்ற உருவங்களைச் செதுக்குகிறவர்களுக்கும் தெம்பு வரும். ஒரு மாத விளையாட்டால் இதைச் செய்ய முடியும் என்பது சாதாரண விஷயமில்லை.

நடுவர் வைத்துப் பரிசு தரும் போட்டிகளும் உண்டு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987 முதல் நடத்தும் ‘கோல்டன் டீமன்’ அவற்றில் புகழ் வாய்ந்தது. எல்லாப் பிரிவுகளிலும் சிறந்த ஒரே உருவத்துக்கு ஆளுயர வாள் ஒன்றைப் பரிசாகத் தருகிறார்கள். அந்த வாளுக்காக ஒரே உருவத்தில் மாதக்கணக்கில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த நுட்பங்கள் சில ஆண்டுகளில் எல்லோர் மேசைக்கும் வந்துசேர்கின்றன. ஆனாலும் முதலிடம் ஒன்றுதான் என்ற ஏற்பாடு தொடக்கக்காரர்களைத் தள்ளி நிற்க வைக்கிறது. இதற்கு நல்ல மாற்று சிகாகோவில் உருவானது. படைச் சிற்றுருவக் கலையிலும் காட்சிப்பேழைக் கலையிலும் ஆசானாகப் போற்றப்படும், 2015-ல் மறைந்த ஷெப்பர்ட் பெய்ன் அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். அந்த முறையில் ஓர் உருவத்தை இன்னோர் உருவத்தோடு ஒப்பிடுவதில்லை. ஒரு தரத்தை வைத்து அளக்கிறார்கள். தங்கத்தின் தரத்தை எட்டியவர்கள் பத்துப் பேர் என்றால் பத்துப் பேருக்கும் தங்கம். பக்கத்து மேசைக்காரர் நன்றாகச் செய்தால் நமக்கு இழப்பில்லை என்ற நிலை வந்ததும் அரங்கின் காற்றே மாறிவிடுகிறது. நுட்பங்களை ஒளித்துவைக்கக் காரணம் இல்லாமல் போகிறது. ஐரோப்பாவிலும் பல கண்காட்சிகள் இந்த வழியில் நடக்கின்றன. நம் ஊரில் கோலப்போட்டி முதல் ஓவியப்போட்டி வரை நடத்துகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

தனி ஆள் உழைப்புக்கும் கூட்டு உழைப்புக்கும் உள்ள தூரத்தைக் காட்ட ஒரே போர்க்களத்தின் இரண்டு மாதிரிகள் போதும். 1830-ல் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரியிடம் வாட்டர்லூ போரின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சான்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பிழைத்திருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரில் யார் நின்றார்கள், வயலில் என்ன பயிர் இருந்தது என்று கேட்டார். பாதியில் அரசு பணத்தை நிறுத்தியது. அவர் சொந்தக் காசிலும் கடனிலும் தொடர்ந்தார். 1838-ல் லண்டனின் எகிப்தியன் ஹாலில் அது காட்சிக்கு வந்தது: 70,000-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீரர்கள், பயிர் வயல், புகை. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். சைபோர்னுக்குச் செலவு மீளவில்லை. 1849-ல் இறக்கும்வரை அந்தச் சுமை அவரை விடவில்லை. அவர் செய்த மாதிரி இன்று லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் திரட்டிய கடிதங்களோ வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம்.

2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதே வாட்டர்லூ மறுபடி நடந்தது, இம்முறை ஆட்டமாக. 28 மி.மீ. அளவில் 22,000-க்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களைத் தீட்டியவர்கள் தன்னார்வலர்கள். தங்கள் பங்குக்கு ஒரு படைப்பிரிவு, இரண்டு படைப்பிரிவு என்று எடுத்துக்கொண்டவர்கள். திரண்ட நிதி ‘வாட்டர்லூ அன்கவர்ட்’ அமைப்புக்குப் போனது. போரில் உடலாலும் மனத்தாலும் காயப்பட்டுத் திரும்பிய முன்னாள் படையினரை, தொல்லியலாளர்களோடு சேர்த்து வாட்டர்லூ மண்ணில் அகழாய்வு செய்யவைக்கும் அமைப்பு அது. சைபோர்ன் ஒற்றை ஆளாகச் சுமந்து முறிந்த பாரத்தை, இங்கே பலர் ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கினார்கள்.

இன்னும் அழுத்தமான எடுத்துக்காட்டு நியூசிலாந்தில் இருக்கிறது. முதல் உலகப்போரில் துருக்கியில் நடந்த கலிபோலிப் போரின் நூற்றாண்டை ஒட்டி 2015 ஏப்ரலில் வெலிங்டன் நகரில் இரண்டு காட்சிகள் திறந்தன. தே பாப்பா அருங்காட்சியகத்தில் மனித அளவைப்போல் 2.4 மடங்கு பெரிய உருவங்கள். வீரனின் புறங்கை நரம்பும் வியர்வையும் தெரியும். பழைய டொமினியன் அருங்காட்சியகக் கட்டடத்தில் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் உருவாக்கிய உலகப்போர்க் காட்சி. அதில் இடம்பெற்ற சுனுக் பயிர் முகட்டுப் போரின் மாதிரியில், 54 மி.மீ. உயரத்தில் 5,000 வீரர்கள்.

சுனுக் பயிர் நியூசிலாந்தின் நெஞ்சில் ஆறாத புண். 1915 ஆகஸ்ட் 8 விடியற்காலை லெப்டினன்ட் கர்னல் வில்லியம் மலோன் தலைமையில் வெலிங்டன் படைப்பிரிவு அந்த முகட்டைப் பிடித்தது. பகல் முழுவதும் துருக்கியர் தாக்கினார்கள். மலோன் மாலையில் மாண்டார். மேலே போன ஏறத்தாழ 760 பேரில், பெரிய காயமின்றி இறங்கியவர்கள் 70 பேர் அளவே. மறுநாள் அதே மலைத்தொடரின் இன்னொரு முகட்டை இந்தியப் படையின் 6-ஆம் கூர்க்கா ரைஃபிள்ஸ் எட்டிப்பிடித்தது, நிலைக்க முடியவில்லை. ஆகஸ்ட் 10 அன்று துருக்கியத் தளபதி முஸ்தபா கெமால் நடத்திய எதிர்த்தாக்குதலில் முகடு துருக்கியரிடமே திரும்பியது.

அந்த 5,000 உருவங்களையும் வடித்தவர்கள் இங்கிலாந்தின் இரட்டையரான ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி. இத்துறையில் இவர்களைத் தெரியாதவர் இல்லை. மைக்கேல் 1996-ல் பிரான்ஸின் கிரெசியில் நடந்த வரலாற்று மறுநிகழ்த்தலில் பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்தவர். வலக்கைப் பழக்கமுள்ள அந்தச் சிற்பி, இடக்கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு திரும்ப வந்தார். உருவங்கள் தயாரானதும், அவற்றைத் தீட்டும் வேலையைக் கூலிக்கு விடவில்லை. நியூசிலாந்து முழுக்க உள்ள போர் விளையாட்டு மன்றங்களுக்கு அழைப்புப் போனது. உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொண்டு வீட்டு மேசைகளில் தீட்டினார்கள்.

பல கைகள் தீட்டினால் காக்கி ஒரே காக்கியாக இருக்குமா என்ற கேள்வி எழும். இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை. 1915 ஆகஸ்டில் அந்த முகட்டில் நின்றவர்களின் உடையும் ஒரே நிறத்தில் இருந்ததில்லை. மாதக்கணக்கில் வெயிலும் புழுதியும் உப்புநீரும் ஒவ்வொரு சட்டையையும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருந்தன. ஒரே பட்டறையில் ஒரே கலவையில் பூசினால் கிடைக்காத உண்மை, ஐம்பது வீடுகளில் தீட்டினால் தானாகவே வந்துவிடுகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. நூற்றாண்டு விழாவுக்கு மலர்வளையம் வைக்க ஒரு நிமிடம் போதும். 54 மி.மீ. வீரனின் முகத்தைத் தீட்ட அவன் எதிரில் பல மணி நேரம் உட்கார வேண்டும். தோட்டாப்பை எங்கே தொங்கியது, காலில் சுற்றிய துணிப்பட்டை என்ன நிறம் என்று தேடிப் படிக்க வேண்டும். துருக்கிய வீரர்களையும் இதே பொறுமையோடு தீட்டியாக வேண்டும். ஒரு நாடு தன் தோல்வியை நினைவுகூர இதைவிட நிதானமான வழி எளிதில் கிடைக்காது. பீட்டர் ஜாக்சனின் அந்தக் கண்காட்சி 2018 டிசம்பரில் மூடப்பட்டது.

கடைசியாக, இந்த உரையைக் கேட்டுவிட்டு இன்றே தொடங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பழைய உருவங்களை வாங்கினால் அவற்றில் ஈயம் இருக்கலாம். 1990-களில்தான் பெரிய நிறுவனங்கள் ஈயம் கலக்காத உலோகத்துக்கு மாறின. ஆகவே அரம் போட்டால் தூளைக் கவனமாகத் துடைத்து, கை கழுவிய பிறகே சாப்பாட்டுக்குப் போக வேண்டும். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். சாயம் காயாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டு வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை: மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன் மேல் கேக் சுடப் பயன்படும் தாள். நம் ஊர் வெயிலுக்கு அக்ரிலிக் சாயம் சாதாரணத் தட்டில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். இதில் மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் ஸ்பிரே பிரைமரைத் தவிர்த்துப் பிரஷ்ஷால் பூசும் பிரைமரை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் தெளித்த பூச்சு பொரிந்துபோகும். பெட்டியில் இருபது உருவங்கள் இருந்தாலும் ஐந்தை மட்டும் வெட்டி எடுங்கள். ஒரே நிறத்தை ஐந்துக்கும் வரிசையாகப் பூசுங்கள். ஐந்தாவதற்கு வருவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும். இதே ஆசையுள்ள இன்னும் மூவரைக் கண்டுபிடித்து, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் கெடுவாக வையுங்கள். அன்று நால்வரும் ஒரே மேசையில் ஐந்தைந்து உருவங்களை வைத்தால் இருபது பேர் கொண்ட சண்டை ஒன்றை அன்றைக்கே ஆடிவிடலாம்.